சாம்பல் கலந்த சிமெண்ட் கலப்படமா? வீடு கட்டுவோர் அறிய வேண்டியவை

ராஜபாளையத்திலிருந்து மேற்கே அய்யனார் கோவிலுக்குப் போகும் சாலையில் உறவினர் ஒருவர் வீடு கட்டி வருகிறார். பதினெட்டு வருடம் சவூதியில் உழைத்துச் சேர்த்த காசு. தளம் போடுவதற்கு இரண்டு நாள் முன்னதாக சிமெண்ட் மூட்டைகள் வந்து இறங்கியபோது நானும் அங்கே இருந்தேன். கொத்தனார் ஒரு மூட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாய், இது சாம்பல் கலந்த சிமெண்ட். கட்டுவேலைக்கு, பூச்சுக்கு ஓட்டிக்கலாம். தளத்துக்கு வேண்டாம். மாத்தித் தரச் சொல்லுங்க" என்றார். மூட்டையில் "ஃப்ளை ஆஷ் பேஸ்டு" என்று அச்சிட்டிருந்தது.

உறவினரின் முகம் மாறிவிட்டது. "என்ன மச்சான், காசை வாங்கிக்கிட்டு சாம்பலையா வித்திருக்கான்?" என்று என்னிடம் கேட்டார்.

அன்று மாலையே இன்னொரு யோசனையும் வந்தது. பக்கத்து மனைக்காரர் சொன்னது இது: "சாம்பல் கலந்தா தப்பில்லைன்னு கம்பெனிக்காரனே கலக்குறான்ல? ரைஸ் மில்லுல உமிச்சாம்பல் சும்மா கிடக்கு. நாமளே ரெண்டு வண்டி அடிச்சுக் கலந்துட்டா பாதி சிமெண்ட் மிச்சம்தானே!"

சாம்பல் என்றாலே ஏமாற்று என்பது ஒரு பிழை. எந்தச் சாம்பலும் சிமெண்ட்டுக்கு ஈடு என்பது அதைவிடப் பெரிய பிழை. முதல் பிழையால் கொஞ்சம் பணம்தான் வீணாகும். இரண்டாவது பிழையால் தலைக்கு மேல் இருக்கும் கூரையே பலவீனமாகிவிடும். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு கட்டுகிறவர்கள் நம்மில் அதிகம் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சிமெண்ட் என்பது என்ன? சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சுமார் 1450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உலையில் சுட்டால் உருண்டை உருண்டையாக ஒரு பொருள் கிடைக்கும். அதன் பெயர் கிளிங்கர். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்தால் அதுதான் சிமெண்ட். விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸின் முதல் ஆலை, அவர் பெயரிலேயே உள்ள ஆர்.ஆர். நகரில்தான் அமைந்தது. அருப்புக்கோட்டைக்கு அருகே பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கிறார்கள்.

இந்தச் சுடுதலில்தான் சிக்கலும் இருக்கிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். இது கல்லுக்குள்ளேயே இருக்கும் வாயு. அடுப்புக்கு எந்த எரிபொருளைப் போட்டாலும் இதைத் தவிர்க்க முடியாது. எரிபொருளின் புகையையும் சேர்த்தால் ஒரு டன் கிளிங்கருக்கு 800 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. உலகில் மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் வரை சிமெண்ட் தொழிலின் பங்கு என்று கணக்கிடுகிறார்கள். ஆகவே கிளிங்கரைக் குறைத்து அந்த இடத்தில் வேறு எதையாவது வைக்க முடியுமா என்ற தேடல் உலகம் முழுவதும் நடக்கிறது.

எதையாவது வைத்தால் போதாது, அது வேலை செய்ய வேண்டும். சிமெண்ட்டில் தண்ணீர் பட்டதும் இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று, மணலையும் ஜல்லியையும் இறுகப் பிடிக்கும் பசை. கான்கிரீட்டின் பலம் முழுக்க இதில்தான். மற்றொன்று நீற்றுச் சுண்ணாம்பு. இறுகிய சிமெண்ட் பசையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை இந்தச் சுண்ணாம்பு இருக்கும். இது பலத்துக்குப் பெரிதாக உதவாது. தண்ணீரில் கரையும். உப்புக்கும் அமிலத்துக்கும் எளிதில் பலியாகும்.

இந்த வேலையற்ற சுண்ணாம்புக்கு வேலை கொடுக்கும் பொருள்தான் நாம் தேடுவது. படிகமாக இறுகிப்போகாத சிலிக்காவை மிக நுண்ணிய தூளாகச் சேர்த்தால், அது அந்தச் சுண்ணாம்போடு மெல்ல மெல்லச் சேர்ந்து மேலும் பசையை உண்டாக்கும். இடைவெளிகள் அடைபட்டு கான்கிரீட் இறுகும். இப்படிப்பட்ட பொருள்களுக்குப் பொசலான் என்று பெயர். இத்தாலியில் பொசுவோலி என்ற ஊரின் எரிமலைச் சாம்பலை ரோமானியர்கள் சுண்ணாம்போடு கலந்து கட்டியதால் வந்த பெயர் அது. நம் முன்னோர்களும் இதை அறியாதவர்கள் அல்ல. பழைய கட்டடங்களில் சுண்ணாம்போடு சுர்க்கி, அதாவது செங்கல் தூள், சேர்த்து அரைத்தார்களே, அதுவும் இதே வேலைதான். சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டன.

இப்போது உமிக்கு வருவோம். உமிக்கரியால் பல் துலக்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்தக் கரி பல்லில் நறநறவென்று உரசுமே, அது சிலிக்கா. நெற்பயிர் மண்ணிலிருந்து வேர்வழியே உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கும் பொருள் அது. 100 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 20 கிலோ உமி கிடைக்கும். அதை எரித்தால் சுமார் 4 கிலோ சாம்பல். நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்கா. தாவரக் கழிவுகளில் இவ்வளவு சிலிக்கா தருவது அரிது.

ஆனால் எரிக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சுமார் 700 டிகிரிக்கு மேல் போகாமல், போதிய காற்றோடு எரித்தால் சிலிக்கா படிகமாகாமல், சுண்ணாம்போடு சேரும் துடிப்புடன் இருக்கும். வெப்பம் அதற்கு மேலே போய் நெடுநேரம் நீடித்தால் அது படிகமாக இறுகிவிடும். பிறகு ஆற்று மணலும் அதுவும் ஒன்றுதான், வெறும் நிரப்பி. காற்றுப் போதாமல் மூட்டமாக எரிந்தாலோ கரி மிஞ்சும். கரி தண்ணீரைக் குடிக்கும். கலவையில் சேர்க்கும் ரசாயனங்களையும் உறிஞ்சிவிடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய இந்திய வம்சாவளிப் பேராசிரியர் பி.கே. மேத்தா, 1970களில் உமியைக் கட்டுப்பாட்டோடு எரித்துச் சிமெண்ட்டில் சேர்க்கும் முறையை ஆராய்ந்து காப்புரிமைகள் பெற்றார். அவருடைய ஆய்வுகளுக்குப் பிறகே உமிச்சாம்பலைக் கான்கிரீட் துறை பொருட்படுத்தத் தொடங்கியது.

நம் ரைஸ் மில்களில் நடப்பது வேறு. நெல் அவிக்கவும் காய வைக்கவும் பாய்லரில் உமியை எரிக்கிறார்கள். அங்கே நோக்கம் நீராவி, சாம்பல் அல்ல. ஒரே குவியலில் கறுப்பு, சாம்பல் நிறம், வெள்ளை மூன்றும் கலந்து கிடக்கும். கறுப்பு என்றால் கரி அதிகம் என்று தெரிந்துகொள்ளலாம். வெள்ளையாக இருப்பதாலேயே நல்லது என்று சொல்லிவிட முடியாது. அதிக வெப்பத்தில் படிகமானதும் வெள்ளையாகத்தான் இருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. படிகமான சிலிக்கா தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் கெடும். சாம்பலை அள்ளிப் போடும் தொழிலாளி வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பதை நாம் சாதாரணமாகக் கடந்து போகிறோம். துண்டு போதாது, அதற்கான முகக்கவசம் வேண்டும்.

பக்கத்து மனைக்காரரின் யோசனை இங்கேதான் அடிபடுகிறது. உமிச்சாம்பலின் துகள் ஸ்பான்ச் போல உள்ளே துளைகள் கொண்டது. அரைக்காமல் அப்படியே கலந்தால் அது கலவைத் தண்ணீரை உறிஞ்சும். கலவை வறண்டதும் சித்தாள் என்ன செய்வார்? இன்னும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார். தண்ணீர் கூடக் கூடக் கான்கிரீட் பலம் குறையும். சிமெண்ட்டையும் குறைத்து, தண்ணீரையும் கூட்டினால் அந்தத் தளத்தின் கதி என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கரும்புச் சக்கையின் கதையும் ஏறத்தாழ இதேதான். ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு பக்கம் கரும்பு போடும் விவசாயிகளுக்குத் தெரியும், சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்தே நீராவியும் மின்சாரமும் எடுக்கின்றன. மிஞ்சும் சாம்பலைப் பெரும்பாலும் எங்காவது கொட்டிவிடுகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பகுருதீன் என்ற ஆய்வாளரும் பேராசிரியர் மனு சந்தானமும் இந்தச் சாம்பலை விரிவாக ஆராய்ந்து 2015 வாக்கில் கட்டுரைகள் வெளியிட்டனர். அவர்கள் கண்டது எளிமையானது, ஆனால் முக்கியமானது. ஆலையிலிருந்து வரும் சாம்பலை அப்படியே பயன்படுத்தினால் அது தேறவில்லை. காரணம், அதில் நார் நாராக வேகாத கரித் துணுக்குகள் இருந்தன. 300 மைக்ரான் சல்லடையில் சலித்து அவற்றை நீக்கி, சிமெண்ட் அளவுக்கு மைய அரைத்ததும் அதே சாம்பல் தேறிவிட்டது. மறுபடி எரிப்பது போன்ற செலவு பிடிக்கும் வேலை எதுவும் தேவைப்படவில்லை. சிமெண்ட்டில் 25 சதவீதம் வரை அதை மாற்றிப் பார்த்தபோது கான்கிரீட்டுக்குள் நீரும் உப்பும் ஊடுருவுவது குறைந்தது. குப்பைக்கும் கட்டுமானப் பொருளுக்கும் நடுவே இருந்தது ஒரு சல்லடையும் ஓர் அரவை ஆலையும்தான்!

இவை வேளாண் கழிவுகள். இவை தவிர வேறு கனிமச் சேர்க்கைகளும் உண்டு. மூட்டையில் அச்சிட்டிருந்த ஃப்ளை ஆஷ், அனல் மின் நிலையங்களில் நிலக்கரி எரியும்போது புகையோடு பறக்கும் நுண்சாம்பல். அதைக் கருவிகளால் பிடித்துச் சேகரிக்கிறார்கள். துகள்கள் கண்ணாடி உருண்டைகள் போல இருப்பதால் இது உமிச்சாம்பலுக்கு நேர்மாறாகக் கலவையை இளக்கமாக்கும். இரும்பு ஆலை உலையில் மிஞ்சும் கசடு, கயோலின் களிமண்ணைச் சுட்டெடுக்கும் மெட்டாகயோலின், சிலிக்கான் உலோக உலைகளிலிருந்து வரும் சிலிக்கா ஃபியூம் ஆகியவையும் இந்த வரிசையில் வரும்.

சாம்பல் கலந்தால் பலமிருக்காது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். நம்மவர்கள் பலர் அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளும் துபாய் புர்ஜ் கலீஃபாவின் அடித்தளத் தூண்களில் 25 சதவீதம் ஃப்ளை ஆஷும் 7 சதவீதம் சிலிக்கா ஃபியூமும் சேர்த்திருக்கிறார்கள். அவற்றின் மேலே 3.7 மீட்டர் தடிமனில் போட்ட அடித்தளப் பலகையில் ஃப்ளை ஆஷ் 40 சதவீதம். அங்கே நிலத்தடி நீரில் உப்பு மிக அதிகம். உப்பு உள்ளே போய்க் கம்பியை அரிக்காமல் தடுப்பது அவர்களுக்குத் தலையாய கவலை. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வீடு கட்டுபவர்களுக்கும் இதே கவலை இருக்கிறது. பத்துப் பதினைந்து வருடத்தில் கூரை வெடித்துக் கம்பி தெரிவதை நாம் பார்க்காமலா இருக்கிறோம்?

நம் நாட்டுச் சட்டதிட்டமும் இதை அனுமதிக்கிறது. கடைகளில் பி.பி.சி. என்று விற்கும் சிமெண்ட்டில் 15 முதல் 35 சதவீதம் வரை ஃப்ளை ஆஷ் சேர்க்கலாம் என்பது ஐ.எஸ். 1489 தர விதி. ஆக, உறவினரின் மூட்டையில் இருந்தது கலப்படம் அல்ல. சோதித்து, அளந்து, கிளிங்கரோடு சீராகக் கலந்து, வெளியே எழுதியும் விற்கிறார்கள். கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 விதியிலும் ஃப்ளை ஆஷ், சிலிக்கா ஃபியூம், மெட்டாகயோலின் ஆகியவற்றோடு உமிச்சாம்பலின் பெயரும் இருக்கிறது. ஆனால் உமிச்சாம்பல் தரத்திலும் சீர்மையிலும் தேற வேண்டும், பொறுப்பான அதிகாரியின் ஒப்புதலும் வேண்டும் என்ற நிபந்தனைகளோடு!

அப்படியானால் கொத்தனார் சொன்னது முழுக்கத் தவறா? இல்லை. பாதி சரி. அவர் அனுபவத்தில் பார்த்ததைத்தான் சொல்கிறார். சாம்பல் தன் வேலையைத் தொடங்க, முதலில் சிமெண்ட் தன் சுண்ணாம்பை வெளியே விட வேண்டும். அதனால் பலம் ஏறுவது மெதுவாகத்தான். 53 கிரேடு ஓ.பி.சி. சிமெண்ட் மூன்று நாளில் குறைந்தது 27 மெகாபாஸ்கல் பலம் காட்ட வேண்டும் என்றால், பி.பி.சி.க்கு 16 போதும் என்கிறது விதி. 28 நாளில் அதற்கு 53, இதற்கு 33. இவை குறைந்தபட்ச அளவுகள், நல்ல பி.பி.சி. இதைத் தாண்டியே நிற்கும், மாதக்கணக்கில் பலம் கூடிக்கொண்டும் போகும். ஆனால் அந்த முதல் நாட்களில் அவசரப்பட்டு முட்டுக்காலை உருவினாலோ, தண்ணீர் ஊற்றாமல் காயவிட்டாலோ பழி சாம்பல் மேல் விழுகிறது.

நம் கட்டடங்களில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது இந்தத் தண்ணீர் விஷயம்தான் என்பேன். ஓ.பி.சி. என்றால் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில் அது முறையே 10 நாள், 14 நாள். விருதுநகர் மாவட்டத்து வெயிலுக்கு எந்தக் கணக்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சென்ட்ரிங் பிரிக்கும் கெடுவும் அப்படித்தான். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும் என்பது ஓ.பி.சி.க்குச் சொன்ன அளவு. பி.பி.சி. போட்டால் பொறியாளரைக் கேட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஈரம் காக்காமல் விட்ட சாம்பல் கான்கிரீட், உப்பைத் தடுக்கும் குணத்தையும் இழந்துவிடும். போதாக்குறைக்கு, சுண்ணாம்பு இருப்பு குறைவாக இருப்பதால் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே புகுந்து கம்பியின் பாதுகாப்பைச் சீக்கிரம் குலைக்கவும் செய்யும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உமிச்சாம்பல் சிமெண்ட்டின் இடத்தைப் பிடித்து உலகைக் காப்பாற்றிவிடும் என்கிற பாணியில் வரும் செய்திகளை நான் அப்படியே ஏற்பதில்லை. ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை சிமெண்ட் ஆகும் என்பது பொதுவான தோராயம். அதில் பத்தில் ஒரு பங்கை உமிச்சாம்பலாக மாற்ற 2 டன் சாம்பல் வேண்டும். 2 டன் சாம்பலுக்கு 10 டன் உமி, 10 டன் உமிக்கு 50 டன் நெல். நாடு முழுவதற்கும் பார்த்தாலும், ஆண்டுக்கு 20 கோடி டன் நெல் என்று வைத்துக்கொண்டால் அதன் உமி அத்தனையும் எரித்தால்கூட 80 லட்சம் டன் சாம்பல்தான். இந்தியாவில் உற்பத்தியாகும் சிமெண்ட்டோ ஆண்டுக்கு 35 கோடி டன்னுக்கு மேல். கடலில் கரைத்த பெருங்காயம்.

ஃப்ளை ஆஷ் அப்படியல்ல, ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கு மேல் வருகிறது. ஆனால் நிலக்கரி மின்சாரம் குறையக் குறைய அதுவும் குறையும். அதனால்தான் ஆய்வாளர்களின் பார்வை களிமண் பக்கம் திரும்பியிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் கேரன் ஸ்க்ரிவனர், கியூபா நாட்டு ஆய்வாளர்கள், நம் டெல்லி, சென்னை, மும்பை ஐ.ஐ.டி.கள் சேர்ந்து வளர்த்த எல்.சி.3 என்ற சிமெண்ட்டில் கிளிங்கர் பாதிதான். மீதியில் 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுடாத சுண்ணாம்புக்கல் தூள், 5 சதவீதம் ஜிப்சம். களிமண்ணைச் சுட 800 டிகிரி போதும். இதற்கான இந்தியத் தர விதி, ஐ.எஸ். 18189, 2023ல் வந்தது. சுர்க்கி வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது என்றும் சொல்லலாம்.

ஆகவே உமிச்சாம்பலின் இடம் பெரிய ஆலைகளில் அல்ல, அது கிடைக்கிற ஊரில்தான். ஒரு ரைஸ் மில்லும் அதன் அருகே ஒரு ஹாலோ பிளாக் பட்டறையும் இருந்தால், சாம்பலைச் சலித்து, அரைத்து, அருகிலுள்ள பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்து, சுமை தாங்காத சுவர்க் கல்லிலிருந்து தொடங்கலாம். மில்காரருக்குக் கொட்டும் செலவு மிச்சம், பட்டறைக்காரருக்குச் சிமெண்ட் மிச்சம். மலையிலிருந்து அய்யனார் கோவில் ஆறு இறங்கி ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்துதான் ராஜபாளையம் மக்கள் குடிக்கிறார்கள். அந்த அடிவாரத்தில் ஓடைக்கரை ஓரமாகச் சாம்பல் குவிவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அதை வீட்டின் தளத்திலும் தூணிலும் சோதித்துப் பார்க்கக் கூடாது.

இவ்வளவையும் உறவினரிடம் ஒரே மூச்சில் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு மூன்று தேநீர் ஆயிற்று. கடைசியில் மூட்டைகளை மாற்றவில்லை. தளத்தைப் போட்ட மறுநாள் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். பதினான்கு நாள் இப்படியே நிற்க வேண்டும் என்று சொன்னபோது கொத்தனார் தலையைச் சொறிந்தார். "நிக்கணும்தான் பாய். தினம் வந்து தண்ணி ஊத்த ஆள் யாரு?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கென்று ஓர் ஆளுக்குத் தனியாகக் கூலி பேசி, ஆறாவது மைல் பக்கத்திலிருந்தே ஒருவரை வைத்திருக்கிறார்கள்.